"ஹெட் கேஸ்கெட் போச்சு, வந்த விலைக்குக் குடுத்துடுங்க சார்"

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதுவும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பவர்கள், விற்பதற்குக் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் போட இருந்தேன். பேனாவைக் கையில் எடுத்தாகிவிட்டது.

எங்கள் வீட்டு வண்டி 2011 நவம்பரில் பதிவானது. சின்ன பெட்ரோல் கார், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆன வருஷம் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, வண்டி மேல் தப்பே இல்லை. நாங்கள் சென்னை வேளச்சேரி. மழை எச்சரிக்கை வந்தால் இந்தப் பக்கத்து ஆட்கள் காரை எங்கே கொண்டுபோய் ஏற்றுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2024 அக்டோபரில் மேம்பாலத்தில் வரிசையாக நின்ற கார்களில் எங்களுடையதும் ஒன்று. ஒரு தடவைகூட வெள்ளத்தில் நிற்காத வண்டி என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமை.

போன மே மாதம் அம்மாவைத் தஞ்சாவூர் பஸ் ஏற்றிவிடக் கிளாம்பாக்கம் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானம் 2 மணி, கத்திரி வெயில். பெருங்களத்தூர் தாண்டியதும் ஏசியில் சூடான காற்று வர ஆரம்பித்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாதான், "என்னடா, அந்த முள்ளு மேல ஏறிட்டே போகுது" என்றாள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. புத்தி கெட்டுப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினேன். பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரர், "சார், கையை எடு! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினார். யாரோ, எவரோ, நல்லா இருக்கட்டும். அதே ஆட்டோவில் அம்மாவை ஏற்றி அனுப்பிவிட்டு வண்டிக்கு டோயிங் சொன்னேன்.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பார்க்கிங்கில் வண்டிக்கு அடியில் ரோஸ் கலரில் சொட்டுகள் தெரிந்தன. ரிசர்வாயர் டப்பாவில் லெவல் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தேன். எங்கள் ஏரியா போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். அதைத்தான் இன்ஜினுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். கூலன்ட் கலந்து, மூடியின் அழுத்தமும் சேர்ந்தால்தான் 120 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். எங்காவது கசிந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் சீக்கிரமே கொதித்துவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அவசரத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக போர்டு போட்டிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெயர் வேண்டாம். திங்கட்கிழமை விட்டது, புதன்கிழமை போன் வந்தது.

"சார், ஓபன் பண்ணிப் பார்த்துட்டோம். ஹெட் கேஸ்கெட் எரிஞ்சிருக்கு. ஹெட்டும் வளைஞ்சிருக்கு, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணணும். எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு ஆகும். அதுக்கு மேல ரேடியேட்டர் தனி."

ஹெட் என்பது இன்ஜினின் மேல் பகுதி, அதற்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஐம்பத்தெட்டு என்றால் 58,000. நான் வாயடைத்து நிற்கும்போதே அடுத்த வரி வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வயசு வண்டிக்கு இவ்ளோ போடுறது வேஸ்ட். 15 வருஷம் ஆனா ஸ்கிராப்புக்குத்தான் போகணும். தெரிஞ்ச ஒருத்தர் இந்த மாதிரி வண்டி எடுக்குறாரு. இருக்குற நிலைமையில 50,000 தருவாரு. நான் பேசிப் பார்க்கட்டுமா?"

எவ்வளவு அக்கறை பாருங்கள். செலவு வைக்காதீங்க என்று சொல்கிற மெக்கானிக்கை யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஆதாரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் வந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம், அதில் பால் ஆடை மாதிரி மஞ்சள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, இன்ஜின் முடிந்தது என்றார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரிப்பேர் 58,000. 2026 நவம்பரில் ஆர்.சி. முடிகிறது, 2022 ஏப்ரலில் 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள், அதோடு பசுமை வரி வேறு. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்டும் முன் டிங்கரிங், டயர் என்று 20,000 வரும். நன்றாக ஓடும் நிலையில் இதே மாடலுக்கு 1,40,000 வரை கேட்கிறார்கள் என்று விளம்பரங்களில் பார்த்தேன். ஐம்பதுக்குத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று என் மனசே எனக்கு வாதாடியது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு எண்தான் பொய். அந்த ஒன்றின் மேல்தான் மற்றதெல்லாம் நின்றது என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஸ்கிராப் கதைக்கு வருகிறேன். 15 வருஷம் ஆனால் பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்ற பேச்சு டெல்லிப் பக்கத்துத் தடையிலிருந்து வந்தது. இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கினால் 5 வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். சென்னையில் 1990களின் கார்கள் இன்னும் ஓடுவதைப் பார்க்கிறோமே!

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த "தெரிஞ்ச ஒருத்தர்" வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டையும் எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. கேட்டதற்கு, "அது பார்ட்டி வந்ததும் போட்டுக்கலாம் சார், எல்லாரும் இப்படித்தான் பண்றது" என்றார். ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது. நான் பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் அப்பா என் போனை வாங்கி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "இது நம்ம வண்டி மூடி இல்லடா" என்றார். "நம்மளுது கறுப்பு. இது மஞ்சள்." பத்து வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பானெட்டைத் தூக்கித் துடைத்தவர். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? புரோக்கர், "போட்டோல கலர் அப்படித்தான் சார் தெரியும்" என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அப்பா அந்த ஃபாரங்களை மடித்து அவர் ஃபைலிலேயே வைத்து, "காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். இதற்கு மேல் அவருக்குக் கோபம் காட்டத் தெரியாது.

வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது "பிரிச்சுப் பார்த்த சார்ஜ்" என்று 3,500 கேட்டார்கள். கொடுத்தால்தான் சாவி. கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அதையும் விடாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுபடி டோயிங். இந்தத் தடவை அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் சொன்ன ஒரு பாயிடம், புழுதிவாக்கம் பக்கம். சின்ன ஷெட், இரண்டு பையன்கள். பானெட்டைத் திறந்ததும் பாய் முதலில் சொன்னது: "தம்பி, இதை யாரும் பிரிக்கலையே." டாப் கவர் போல்ட்டுகளில் பல வருஷத்துப் பிசுக்கும் தூசியும் அப்படியே இருந்தன. ஸ்பானர் பட்டிருந்தால் போல்ட் முனையில் பளபளப்பு தெரியும் என்று காட்டினார். அதைக் கழற்றாமல் ஹெட்டைத் தொடவே முடியாதாம்.

பிறகு சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்றை எடுத்து, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, கையால் காற்றடித்தார். அதில் அழுத்தம் காட்டும் முள் 15 பி.எஸ்.ஐ.யில் நின்றது. "டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். பத்து நிமிஷம் கழித்து வந்தால் முள் 9-இல் நின்றது. டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட் பக்கம், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பம்ப்புக்குள் சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்றே வைக்கும் ஓட்டையாம் அது. அதைச் சுற்றி ரோஸ் கலரில் உப்புப் பூத்திருந்தது. இதைப் பார்க்க ஸ்பானரே தேவையில்லை.

எனக்கு அப்போதும் பயம் போகவில்லை. கேஸ்கெட்டும் போயிருந்தால்? பாய் சலிக்காமல் அதையும் பார்த்தார். பம்ப்பை மாற்றி இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார், உள்ளே நீல நிறத் திரவம். இன்ஜின் புகை கூலன்டுக்குள் கசிந்தால் அது மஞ்சளாகிவிடுமாம். கடைசிவரை நீலமாகவே இருந்தது. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் ஆயிலாகவே இருந்தது. மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை படிவது பக்கத்திலேயே ஓட்டும் வண்டிகளில் ஈரத்தாலும் வரும், அதை மட்டும் வைத்து இன்ஜின் போச்சு என்று சொல்ல முடியாது என்றார். முள் ஏறியதும் நிறுத்தியதால்தான் ஹெட் பிழைத்ததாம். இதில் பாதிப் புண்ணியம் அம்மாவுக்கு.

பில்: வாட்டர் பம்ப் 1,900, பெல்ட் 350, ரேடியேட்டர் மூடி 280, கூலன்ட் 900, கூலி 1,200. ஆக 4,630. கழற்றிய பழைய பம்ப்பைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார், நான் கேட்காமலே.

அந்த ஃபாரம் விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், 4,630 ரூபாயைவிட அதுதான் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. வண்டியைக் கொடுத்துவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். விபத்து நடந்தால் நஷ்ட ஈடு அவர் தலையில்தான் விழும் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் போடாத ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு யாருக்கு விற்றேன் என்று தெரிவிப்பது? பழைய வண்டி வாங்கி விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் என்ற முறை வந்திருக்கிறது. அங்கீகாரம் உள்ளவரிடம் ஒப்படைத்து ஆன்லைனில் பதிந்துவிட்டால் பொறுப்பு அவருக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்த வெள்ளைச் சட்டையிடம் இதைக் கேட்டிருந்தால் அந்தக் காபிகூட மிச்சமாகியிருக்கும்.

3,500 ரூபாய்க்காக 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், துண்டுச் சீட்டோடும் மஞ்சள் மூடி போட்டோவோடும். இதுவரை ஒர்க்‌ஷாப்பிடமிருந்து பதில் இல்லை.

வண்டியை விற்கவில்லை. ஆர்.சி. முடியும்வரை ஓட்டுவோம், பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறோம். போன வாரம் அந்த புரோக்கர் மறுபடி கூப்பிட்டார். "சார், வண்டி குடுக்குற ஐடியா இருக்கா? எண்பது வரைக்கும் பேசலாம்" என்றார். இன்ஜின் போன வண்டி ஆச்சே என்றேன். போனை வைத்துவிட்டார்.