மரத்தை வெட்டுவதா, மலையைச் செதுக்குவதா?

பனிச்சறுக்குத் தடம் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, மரங்களையும் உயரமான புதர்களையும் வெட்டிவிட்டு நிலத்தை அப்படியே விடுவது. மற்றொன்று, புல்டோசரை இறக்கி மேடுபள்ளம் நிரவி, பாறை பெயர்த்து, மலையையே வழவழவென்று செதுக்குவது. சறுக்குபவருக்கு இரண்டாவதுதான் சுகம். கொஞ்சம் பனி விழுந்தாலே தடத்தைத் திறந்துவிடலாம். மண்ணைக் கேட்டால் வேறு கதை.

கோடையில் இரண்டிலும் ஒரு பிடி மண் அள்ளிப் பாருங்கள். வெட்டிவிட்ட சரிவில் கறுத்த மட்கு, நார்நாராய் வேர், கையில் பொலபொலவென உதிரும் மண். செதுக்கிய சரிவில் பெரும்பாலும் வெளிறிய அடிமண்ணும் சரளையும்தான். மழை பெய்தால் முன்னது உறிஞ்சிக்கொள்ளும். பின்னதில் தண்ணீர் வழிந்தோடி மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். உயர்ந்த மலைகளில் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் சேரவே நூறாண்டுக் கணக்கில் ஆகலாம். புல்விதை தூவினால் பச்சை தெரியும், அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரே பாடு. புதுப்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. இயந்திரம் அழுத்திய தடத்தில் 400, 500 கிலோ. பனிக்குள் இருக்கும் காற்றுதான் மண்ணுக்குப் போர்வை. அது நசுங்கினால் உறைவு ஆழமாக இறங்கும்.

என் ஓட்டு வெட்டுவதற்கே, அதுவும் வேரைப் பிடுங்காமல். அதற்கும் ஒரு விலை உண்டு: அடிமரங்களை மூட அதிகப் பனி வேண்டும். அதற்காகச் செயற்கைப்பனியைக் கொட்டினால், உருக நாளாகி, செடிகள் தாமதமாகத்தான் துளிர்க்கும்.