1974 லேண்ட் ரோவர் சீரிஸ் 3: வீட்டிலேயே திருத்தி ஐந்து வருஷம் ஓட்டிய அனுபவம்

2020 டிசம்பரில் ரோட்டில் இறக்கியதிலிருந்து இன்றுவரை 24,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். அதில் முக்கால்வாசி இலங்கை மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாதைகள். மிச்சம் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வந்தது. வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: வீட்டில் வைத்தே இதைச் செய்ய முடியுமா, செய்தால் தினமும் ஓட்டலாமா? வண்டி புதிதாக மின்னிய முதல் மாதத்தில் கேட்டிருந்தால் உற்சாகத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். ஐந்து மழைக்காலம் பார்த்த பிறகுதான் எது உருப்படியான வேலை, எது வீண் செலவு என்று எனக்கே பிடிபட்டது.

வண்டி 88 அங்குல (முன், பின் அச்சுகளுக்கு நடுத் தூரம்) குட்டை செஸி, அதாவது அடிச்சட்டம், 2286 சிசி பெற்றோல் இயந்திரம், நாலு கியர், சிறி எழுத்துப் போட்ட பழைய நம்பர். சீரிஸ் 3 வண்டிகள் 1971 முதல் 1985 வரை வந்தவை. அப்பா ஒரு தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். பெரிய தொரையின் (தோட்ட முகாமையாளரின்) லேண்ட் ரோவரை 19 வருஷம் ஓட்டினார். நான் வாங்கியது அந்த வண்டி இல்லை, அதே ரகம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் பதினொரு வருஷம் நின்றது. காலடித் தகரத்தின் ஓட்டை வழியாகப் புல் உள்ளே வளர்ந்திருந்தது. 2019 தொடக்கத்தில் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் செஸியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டியபோது இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை தொடர்ந்தது. உடம்பு துருப்பிடிக்காது என்பதைக் கேட்டு நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். உடம்புக்குக் கீழே இருக்கும் செஸி இரும்புத் தகடுகளைப் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்தது. சேறும் தண்ணீரும் அந்தப் பெட்டிக்குள் போய்த் தங்கும். துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளியில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி இருக்கும். வாங்கப் போகும்போது ஒரு சிறிய சுத்தியலும் காந்தமும் கொண்டுபோங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும், போன தகடு மண்சுவர் மாதிரி சத்தம் தரும். செஸியில் காந்தம் ஒட்டாத இடத்தில் யாரோ பூச்சு வைத்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் வண்டியின் பின் குறுக்குச் சட்டத்தில் ஒரு கை அகலத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. சுரண்டிப் பார்த்தேன், தாரும் ஃபைபரும்.

2020 மார்ச் 20இல் ஊரடங்கு வந்ததும் முழுநேர வேலை தொடங்கியது. உடம்பு முழுவதும் போல்ட்டில் நிற்பது என்பதால் இரண்டு பேர் சேர்ந்தால் கழற்றி வைத்துவிடலாம். நானும் தம்பியும் கழற்றினோம். வெல்டிங் மட்டும் நான் செய்யவில்லை. பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பாஸ் (வெல்டிங் வேலைக்காரர்), ஊரடங்கு தளர்ந்து பாதை திறந்த நாட்களில் வந்து செய்து கொடுத்தார். முப்பது வருஷம் தோட்ட வண்டிகளையே ஒட்டியவர். வந்த முதல் நாளே செஸியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "மல்லி (தம்பி), தகடு ஒட்டுறது லேசு. தண்ணி எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரு" என்றார். செஸியின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகள் எல்லாமே சேறு ஏறி அடைத்துக் கிடந்தன. அவற்றைத் திறந்து உள்ளே கம்பி விட்டுக் குடைந்ததில் ஒரு வாளி மண் வந்தது. நாற்பத்தைந்து வருஷத் தோட்ட மண்.

பின் குறுக்குச் சட்டம், நாலு பக்கக் கைகள், இரண்டு ஸ்பிரிங் தாங்கிகள், இவ்வளவும் வெட்டிப் புதிதாக 2 மில்லிமீற்றர் தகட்டில் போட்டோம். வெட்டுவதற்கு முன்னால் குறுக்கே கம்பி வைத்துச் செஸியை இறுக்கினோம். மூலைக்கு மூலை அளந்து எழுதி வைத்தோம். வெட்டிய பிறகு செஸி முறுக்கினால் வண்டி ஆயுளுக்கும் சாய்ந்தேதான் ஓடும். ஒரு பக்கம் ஒட்டியதும் மறுபடி அளக்க வேண்டும். அலுப்புத் தட்டும் வேலை, ஆனாலும் ஒரு தடவைகூட விடவில்லை. இன்றைக்கும் ஸ்டியரிங்கை விட்டால் நேராகப் போகிறது.

இயந்திரத்துக்கும் டிரைவருக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட்டும் இரும்பு. அதில் காலடிப் பகுதியும் கதவுக் கீல் மாட்டும் தூணும்தான் முதலில் போகும். தூணை ஒட்டும்போது கதவை மாட்டி வைத்துக்கொண்டே ஒட்டுங்கள். நாங்கள் இடது பக்கத்தைக் கதவில்லாமல் ஒட்டிவிட்டு, பிறகு எட்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் மறுபடி வெட்ட வேண்டி வந்தது. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடுகிற இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த இடங்களில் எல்லாம் மெல்லிய றப்பர் பட்டை வைத்து இறுக்கினேன். ஐந்து வருஷத்தில் பொடி திரும்ப வரவில்லை.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். இங்கே நிறைய இடங்களில் செஸிக்குப் பழைய ஒயிலை விசிறி விடுகிறார்கள். அதில் சேறு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும், றப்பர் சாமான்களும் கெட்டுப் போகும். மெழுகு கலந்த துருத் தடுப்பை மே மாத மழைக்கு முன் வருஷா வருஷம் செஸிக்குள்ளே அடித்துவிடுகிறேன். அரை நாள் வேலை. போன மாதம் சிறிய கமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன், ஒட்டிய தையல்கள் எல்லாம் சுத்தம். மொத்தச் செலவில் பாதி செஸிக்கும் பல்க்ஹெட்டுக்கும்தான் போனது. அதில் ஒரு ரூபாவும் எனக்கு உறுத்தவில்லை.

அடுத்தது இயந்திரம். ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தில் செய்தது இது. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடத்தைப் பாதுகாத்தது. இப்போதைய பெற்றோலில் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத் தலைக்குள் (சிலிண்டர் ஹெட்) புதையும். அதற்கு அடையாளம் டெப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி, தானாகக் குறைந்துகொண்டே வருவது. 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) வைக்க வேண்டிய இடத்தில் என்னுடையதில் இரண்டு வால்வுகளுக்கு இடைவெளியே இல்லை. தலையைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கடினமான உலோக வளையம் பதித்து, வால்வு கைட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். மற்றச் சாமான்களுக்குக் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் அலைந்தேன். அங்கே போகும்போது பழைய சாமானைக் கையிலேயே கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் நாலு விதமாகத் தருவார்கள், ஒன்றும் பொருந்தாது. வளையம் போட்ட பிறகு இன்றுவரை டெப்பட் அசையவில்லை.

காபரேட்டரில் நான் தப்புப் பண்ணினேன். சும்மா நிற்கும்போது இயந்திரம் திணறியது, கறுப்புப் புகை தள்ளியது. எல்லாரும் பழைய ஸெனித் காபரேட்டரைத் தூக்கிப்போட்டு வெபர் காபரேட்டர் போடச் சொன்னார்கள், போட்டேன். சிக்கல் இல்லாமல் ஓடியது, ஆனால் ஹட்டன் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஒரு வருஷம் கழித்துத்தான் ஸெனித்தின் நோய் என்னவென்று படித்துத் தெரிந்துகொண்டேன். மேல் பாகம் வளைந்துவிடும், உள்ளே ஒரு சின்ன றப்பர் வளையம் காய்ந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் அரத்தாள் விரித்துப் பாகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, வளையத்தை மாற்றினேன். ஒரு மாலை நேர வேலை. மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது இப்போது. வெபர் பெட்டியில் கிடக்கிறது.

தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயின்ட்டை எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கும் மின்னணு இக்னிஷன் போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. டிக்கோயாப் பனியில் காலை ஐந்தரைக்கு ஒரே சாவியில் கிளம்புகிறது. மேம்பாடு என்று போட்டதில் விலைக்கு அதிகமாகப் பலன் தந்தது இதுதான். இருந்தாலும் பழைய பொயின்ட்டும் கண்டென்சரும் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கும். இந்தச் சாமான் செத்தால் வழியில் திருத்த முடியாது, பொயின்ட்டை நகவெட்டி அரத்தால்கூடச் சரிபண்ணலாம்.

டீசல் இயந்திரம் மாற்றாதது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனபோது எனக்கும் ஆசை வந்தது. அடுத்து வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் கோட்டாவும் வந்தது. இந்த வண்டி லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் கொடுத்தால் பெரிய விஷயம். இசுசு, டொயோட்டா டீசல் போட்ட லேண்ட் ரோவர்கள் மலையில் நிறைய உண்டு. அப்படி மூன்று வண்டிகளைப் போய்ப் பார்த்தேன். மூன்றிலும் இயந்திரத் தாங்கிகளை வெட்டியிருந்தார்கள், ஒன்றில் ரேடியேட்டர் சட்டத்தையும் முன்னால் தள்ளியிருந்தார்கள். சீரிஸ் கியர் பெட்டியும் பின் அரை அச்சுகளும் இயல்பிலேயே மென்மையானவை, பெரிய டீசலின் இழுவையைத் தாங்காது. ஒரு வண்டிக்காரர் இரண்டு வருஷத்தில் மூன்று அச்சு உடைத்திருந்தார். அன்றைக்கு ஒரு தீர்மானம் எடுத்தேன்: திரும்பக் கழற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவரக்கூடிய மாற்றம் மட்டும் செய்வது. வெட்டு ஒட்டு வேண்டிய எதையும் தொடுவதில்லை. இரண்டு மாதம் பஸ்ஸில் போனேன், அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். 2021 ஆகஸ்ட், ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறக்கம், பின்னால் அம்மா. மிதி தரைவரை போய்விட்டது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று கியரைத் தட்டி, இடப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். சீரிஸ் 3இல்தான் நாலு கியருக்கும் சின்க்ரோ, அதாவது ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் அமைப்பு, வந்தது. முந்தைய ரகமாக இருந்தால் அந்த வேகத்தில் ஒன்றாம் கியர் விழுந்திருக்காது. கைப் பிரேக்கை நான் இழுக்கவில்லை. இந்த வண்டியில் அது சக்கரங்களில் பிடிப்பதில்லை, பின்பக்கம் போகும் சுழல்தண்டைப் பிடிக்கிறது. நிறுத்தி வைக்கத்தான் அது. காரணம் தேடினால், எட்டு மாதத்துக்கு முன் நான் விலை பார்த்து வாங்கிப் போட்ட சக்கர சிலிண்டரின் றப்பர் உப்பிக் கிழிந்திருந்தது. என் வண்டியில் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போகும்.

அதற்குப் பிறகு 109 அங்குல நெட்டை வண்டியின் 11 அங்குல முன் டிரம்களைத் தேடிப் போட்டேன். என்னுடையதில் இருந்தது 10 அங்குலம். போல்ட்டில் நேராக உட்காருகிறது, மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். நிற்கும் தூரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு டிரம்மையும் கழற்றிப் பார்க்கிறேன். செங்குத்து இறக்கம் வருவதற்கு முன்பே நிறுத்தி, சிவப்பு லீவரைப் போட்டு லோ ரேஞ்சில்தான் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இறங்குகிறேன்.

ஸ்பிரிங் புதிது வாங்கவில்லை. பட்டறையில் தகடுகளைப் பிரித்து, துரு தேய்த்து, வளைவு கொடுத்து, இடையில் கிரீஸ் பூசி மறுபடி அடுக்கினார்கள். முதுகு வலி பாதியாகக் குறைந்தது. முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவித்து வைக்கும் ஃப்ரீவீல் ஹப் போட்டேன், பெற்றோலில் பெரிய மிச்சம் தெரியவில்லை. போட்டிருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது லொக் பண்ணிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் அச்சு சுற்றினால்தான் சுவிவலின் (முன் சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டு) மேல் பகுதிக்கு ஒயில் தெறித்து ஏறும். வயரிங் முழுக்கப் புதிது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர். அலுமினிய உடம்பை நம்பி எர்த் கொடுத்தால் மழைக்காலத்தில் விளக்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

ஒயில் சொட்டும். அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்த வண்டி வாங்க வேண்டாம். சொட்டுவதைவிட அளவைப் பார்ப்பதுதான் முக்கியம். கியர் பெட்டியில் குறைந்து, இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் பெட்டியில் கூடினால், நடுவில் இருக்கும் சீல் போய்விட்டது. கீழே ஒரு சொட்டும் இருக்காது, ஆனால் கியர் பெட்டி காய்ந்து சாகும். எனக்கு 2023இல் அது நடந்தது, மாதாந்தம் பார்க்கும் பழக்கம் இருந்ததால் பிழைத்தேன்.

தினமும் ஓட்டலாமா என்றால், என் வேலைக்குப் போதும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கே பழைய கார்களே எட்டாத விலைக்குப் போயின. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே வாகனம் இது. அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும், லயத்துப் பிள்ளைகளை மழை நாளில் பரீட்சைக்கும் கொண்டுபோயிருக்கிறது. நெடுந்தூரம் கஷ்டம். அறுபதுக்கு மேல் போனால் உள்ளே பேச்சுக் கேட்காது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பக்கத்தில் உட்கார்ந்து கியர் சத்தத்தை வைத்தே, "இரண்டாம் கியர்ல ஊளை கூடுது, ஒயிலப் பாரு" என்கிறார். பார்த்தால் குறைந்துதான் இருக்கிறது.

இப்போது இடது சுவிவலில் கசிவு. குரோம் உருண்டையில் பொட்டுப் பொட்டாகத் துரு விழுந்து சீலை அரித்துவிட்டது. உருண்டையும் சீலும் வாங்கி வைத்தாயிற்று. மழை இரண்டு நாள் விட்டால் ஜாக்கி வைத்துவிடுவேன்.