கோபே கார்டா, கேஷ் விலையா? அமெரிக்கால மருந்துக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி

அமெரிக்கால டாக்டர் விலை கூடுன பிராண்ட் மருந்து எழுதுனாலே, கூடவே "கம்பெனி சைட்ல சேவிங்ஸ் கார்டு இருக்கு, டவுன்லோட் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லி அனுப்புவாங்க. ஃபார்மசில அந்தக் கார்டுல இருக்கிற நம்பருங்களை ரெண்டாவது இன்சூரன்ஸ் மாதிரி ஏத்துவாங்க, நம்ம பங்கை, அதாவது கோபேயை, மருந்து கம்பெனியே கட்டிடும், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற எலிக்விஸ் மாதிரி மருந்துக்கு நம்ம கைல மாசம் 10 டாலர்தான் நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாருக்கும் இதுதான் பெஸ்ட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்.

விஷயம் எங்க இருக்குன்னா, கார்டு கட்டற காசை இன்சூரன்ஸ் கம்பெனி உங்க டிடக்டிபிள்ல (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் நாம கட்ட வேண்டிய தொகை) சேக்குதா இல்லையாங்கறதுல. கணக்குக்கு ஒரு மருந்து மாசம் 1,500 டாலர், டிடக்டிபிள் 3,000, அதுக்கப்புறம் நம்ம பங்கு 20 பர்சென்ட், கார்டோட வருஷ லிமிட் 6,000ன்னு வச்சுக்கோங்க. சேத்தாங்கன்னா ஜனவரி, பிப்ரவரிலயே டிடக்டிபிள் முடிஞ்சிடும், மிச்ச பத்து மாசம் 300 300ஆ கார்டே பாத்துக்கும், வருஷம் பூரா கைக்காசு கிட்டத்தட்ட பூஜ்யம். சேக்கலைன்னா ஏப்ரலோட கார்டு காலி, ஆனா டிடக்டிபிள் ஒரு டாலர்கூட நகந்திருக்காது! மே, ஜூன் முழு 1,500, அப்புறம் மாசம் 300, மொத்தம் 4,800 நம்ம தலைல. கார்டே இல்லாம இருந்திருந்தா 6,000 ஆயிருக்கும், அப்ப 6,000 டாலர் கார்டுல நமக்கு மிஞ்சினது வெறும் 1,200, மிச்சம் 4,800 இன்சூரன்ஸ் பக்கம் போயிடுச்சு. நோயாளிக்குன்னு குடுத்த காசு இப்படிப் போறது பெரிய அநியாயம்.

இப்படிச் சேக்காம விடறதுக்குப் பேரு கோபே அக்யூமுலேட்டர். பிளான் பேப்பர்ல இந்தப் பேரே இருக்காது, "அவுட் ஆஃப் பாக்கெட் ப்ரொடெக்ஷன்"னு நல்ல பேரு வச்சு எழுதியிருப்பாங்க, அதனால ஓப்பன் என்ரோல்மென்ட் (வருஷா வருஷம் பிளான் தேர்ந்தெடுக்கிற நேரம்) அப்பவே ஹெச்ஆர்ட்ட நேரா கேளுங்க. 2019ல வர்ஜீனியா இதுக்குத் தடை போட்டுச்சு, அப்புறம் நிறைய ஸ்டேட் போட்டாச்சு, ஆனா பெரிய கம்பெனிங்க தானே பணம் போட்டு நடத்துற செல்ஃப் இன்ஷூர்டு பிளானுக்கு ஸ்டேட் சட்டம் செல்லாது, ஐடில இருக்கிற நம்ம ஆளுங்கள்ல நிறையப் பேரு அந்த மாதிரி பிளான்லதான் இருப்பாங்க.

இன்சூரன்ஸே போடாம நேரா காசு கட்டற கேஷ் விலை அடுத்த வழி. தொழிலதிபர் மார்க் க்யூபனோட காஸ்ட் பிளஸ் ஆன்லைன் ஃபார்மசி 2022 ஜனவரில ஆரம்பிச்சது, வாங்குன விலைக்கு மேல 15 பர்சென்ட், கூட ஃபார்மசி கூலியும் ஷிப்பிங்கும், அவ்வளவுதான். ரத்தப் புத்துநோய்க்குக் குடுக்கிற இமாட்டினிப் ஜெனரிக் (பிராண்ட் பேரு இல்லாம வர்ற அதே மருந்து) ஆரம்பத்துலயே மாசம் 47 டாலர்னு போட்டாங்க, பிராண்ட் விலை ஆயிரக்கணக்குல இருக்கறப்ப. ஜெனரிக் இருந்தா இங்கயோ, ஃபார்மசி விலைய ஒப்பிட்டுக் காட்டற குட்ஆர்எக்ஸ்லயோ விலையப் பாத்துட்டு அப்புறம் இன்சூரன்ஸ் விலையப் பாருங்க, பிராண்ட் கார்டு பின்னாடி அலையவே வேண்டாம். ஒரே குறை, இப்படி வெளில கட்டற காசும் பொதுவா டிடக்டிபிள்ல ஏறாது.

ஊசி மருந்துன்னா பயோசிமிலர் (அசலுக்கு இணையா வேற கம்பெனி செய்யற மருந்து) இருக்கான்னு கேளுங்க. மூட்டுவாதத்துக்குக் குடுக்கிற ஹ்யூமிரா லிஸ்ட் விலை மாசம் கிட்டத்தட்ட 7,000 டாலர் இருந்தப்ப, 2023ல வந்த அதோட பயோசிமிலர் யூசிம்ரிய 995 டாலர்னு விலை போட்டாங்க, காஸ்ட் பிளஸ்ல 570 பக்கம். அக்யூமுலேட்டர்ல மாட்டுனவங்களுக்கு டாக்டர் ஒத்துக்கிட்டா இதுதான் என் சாய்ஸ். மத்தபடி கார்டு காசை ஒழுங்கா சேக்குற பிளான், ஜெனரிக் இல்லாத மருந்துன்னா கண்ண மூடிட்டு கார்டுதான்.

கிரீன் கார்டுல வந்து மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) எடுத்த அப்பா அம்மாவுக்கு இந்த சேவிங்ஸ் கார்டைக் குடுத்துடாதீங்க, மெடிகேர், வருமானம் கம்மியானவங்களுக்கான மெடிகெய்டோட சேத்து யூஸ் பண்றதை ஃபெடரல் ஆன்டி கிக்பேக் சட்டம் தடுக்குது. அவங்களுக்கு வேற வழி இருக்கு, இன்சுலின் மாசம் 35 டாலருக்கு மேல போகாது, பார்ட் டி (மெடிகேரோட மருந்துப் பிளான்) மருந்துக்கு நாம கட்டற காசுக்கு வருஷ உச்சவரம்பு 2025ல 2,000 டாலர், 2026ல 2,100. வருமானம் கம்மியா இருந்தா மருந்துச் செலவுக்கு உதவுற எக்ஸ்ட்ரா ஹெல்ப் திட்டத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி ஆஃபீஸ்ல அப்ளை பண்ணலாம். இன்சூரன்ஸே இல்லாதவங்களுக்கு மருந்து கம்பெனிங்களே இலவசமா மருந்து குடுக்குற பேஷன்ட் அசிஸ்டன்ஸ் புரோகிராம் தனியா இருக்கு, அந்த ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்தும் வருமானச் சான்றும் கேப்பாங்க, கிளினிக்ல சொன்னா அவங்களே ஃபேக்ஸ் பண்ணுவாங்க.