1969 கமாரோவில் 15 அங்குல அலாய் சக்கரங்களும் ரேடியல் டயர்களும்: சில ஆண்டு அனுபவம்

என்னுடையது 1969 ஷெவ்ரோலெ கமாரோ எஸ்எஸ். 350 கன அங்குல வி8 எஞ்சின், நான்கு கியர், பவர் இல்லாத ஸ்டியரிங். வாங்கியபோது 14 அங்குல இரும்புச் சக்கரங்களும், அந்தக் காலத்து எஃப்70-14 அளவிலேயே புதிதாகத் தயாரித்த பயஸ் பிளை டயர்களும் (உள்ளே நூலடுக்குகள் குறுக்காகச் சாய்ந்து ஓடும் பழைய வகை) இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் மிச்சிகன் நெடுஞ்சாலைகளில் லாரிகள் ஓடி ஓடிக் குழிந்துபோன தடங்களில் ஏறியதும் அந்த டயர்கள் காரைத் தம் போக்கில் இழுத்துக்கொண்டு போயின. நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

17 அல்லது 18 அங்குலத்துக்குப் போய்விடு, நல்ல டயர்கள் ஏராளமாகக் கிடைக்கும் என்று பலரும் சொன்னார்கள். அது உண்மை. இன்று வேகக் கார்களுக்கான தரமான டயர் எதுவும் 15 அங்குலத்தில் அநேகமாக வருவதில்லை. ஆகஸ்ட் மாத மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் முதல் தலைமுறைக் கமாரோக்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். பெரிய சக்கரமும் மெலிந்த ரப்பர் பட்டையுமாக நின்றவை எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் காரின் சக்கர வளைவுக்குத் தடித்த பக்கச்சுவர் உள்ள டயர்தான் பொருந்துகிறது. அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த டார்க் த்ரஸ்ட் வடிவத்தில், சாம்பல் நிற ஐந்து ஆரக்கால்களும் பளபளக்கும் விளிம்பும் கொண்ட அலுமினியச் சக்கரங்களை எடுத்தேன்.

சக்கரம் முன்னால் 15x7, பின்னால் 15x8 (அங்குலத்தில் விட்டமும் அகலமும்). ரேடியல் டயர் முன்னால் 235/60, பின்னால் 255/60 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது). இந்த எண்களை முடிவுசெய்யத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் உள்விளிம்பிலிருந்து, அது ஹப்பில் உட்காரும் தளம் வரையிலான ஆழத்தை பேக்ஸ்பேசிங் என்பார்கள். முன்பக்கம் 4.25 அங்குலமும் பின்பக்கம் 4.5 அங்குலமும் என் காருக்குச் சரியாக இருந்தன. பின்னால் அது கூடினால் டயரின் உட்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை நெருங்கும். குறைந்தால் வெளிப்பக்கம் மட்கார்டின் மடிப்பில் உரசும். இடமும் வலமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பவும் கூடாது. என் காரில் பின் அச்சு ஒரு பக்கமாகக் கால் அங்குலம் தள்ளி இருக்கிறது. கார் தன் எடையில் சக்கரங்களின் மீது நிற்கும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்த பிறகே பணம் கொடுத்தேன்.

போல்ட் வட்டம் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கமாரோவின் ஐந்து போல்ட்டுகள் 4.75 அங்குல வட்டத்தில் அமைந்தவை, அதாவது 120.65 மில்லிமீட்டர். பல பிஎம்டபிள்யூ சக்கரங்கள் 120 மில்லிமீட்டர். கையால் தள்ளினால் உட்கார்ந்துவிடுவதுபோலத் தோன்றும், ஆனால் நட்டுகள் மையத்தில் அமராது. உயிரோடு விளையாடும் வேலை அது. பழைய இரும்புச் சக்கரத்தின் நட்டுகளையும் அப்படியே அலுமினியத்தில் போடக் கூடாது. புதிய சக்கரம் கேட்கும் வகை நட்டை வாங்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, முதல் 50 முதல் 100 மைலுக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

புது டயரோடு ஓட்டிய முதல் வாரம் எனக்கு ஏமாற்றமே. அலைன்மென்ட் செய்த கடையில் கணினியில் 1969 என்று அடித்து, பயஸ் பிளை டயர்களுக்காக அன்று வகுத்த அளவுகளையே வைத்துக் கொடுத்திருந்தார்கள். வேகம் கூடினால் கார் அலைந்தது. பழைய கார் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முன்சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மின் ஷிம் தகடுகளை மாற்றி, காஸ்டரை (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) நேர்மறையாக இரண்டரை பாகை அளவுக்கு ஏற்றி, கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) எதிர்மறையாக அரை பாகையில் வைத்தார். அன்றிலிருந்து இது வேறு கார். எழுபது மைல் வேகத்தில் தளர்ந்த கையோடு பிடித்தாலும் நேராகப் போகிறது, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. சக்கரத்துக்கும் டயருக்கும் கொட்டிய பணத்தைவிட இந்தச் சிறு செலவுதான் எனக்கு அதிகம் கொடுத்தது என்று தயங்காமல் சொல்வேன்.

பின் டயர் பழையதைவிட முக்கால் அங்குலம் உயரம். அதனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 62. கியர் பாக்ஸில் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றியதும் அது சரியானது.

ஆண்டுகள் போகப்போக வேறு விஷயங்கள் தெரிந்தன. டயரின் பக்கச்சுவரில் உள்ள வெள்ளை எழுத்துகள் கோடை முடிவதற்குள் பழுப்பேறுகின்றன. மென்மையான பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும். விளிம்பின் பளபளப்பைக் காக்க அடிக்கடி பாலிஷ் போட வேண்டியிருக்கிறது. சாலையில் உப்பு தூவத் தொடங்கும் முன்பே காரை ஷெட்டில் நிறுத்திவிடுகிறேன். நிற்கும் மாதங்களில் டயரின் அடிப்பகுதி தட்டையாகும் என்பதால் காற்றழுத்தத்தை 40 வரை ஏற்றிவைத்து, வசந்தத்தில் 32க்கு இறக்குகிறேன். அப்படியும் முதல் சில மைல்கள் அதிரும். ரப்பர் சூடானதும் அடங்கிவிடும்.

எனக்குக் கவலை தருவது தேய்மானம் அல்ல, வயது. டயரின் பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. ஈரச் சாலையில் இரண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தினாலே பின்பக்கம் வழுக்குகிறது. முதல் ஆண்டில் இப்படி இல்லை. பக்கச்சுவரில் உள்ள, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். எப்போதாவது ஓட்டும் கார்களுக்கு டயர் வாங்குபவர்கள் விலையைக் கேட்கும் முன் அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த செட்டும் 15 அங்குலம்தான். பின்னால் அதே 255. முன்னால் மட்டும் 225/60 போடப் போகிறேன்: காஸ்டர் கூடிய பிறகு, பவர் இல்லாத ஸ்டியரிங்கில் 235 டயரைப் பார்க்கிங்கில் திருப்புவது தோளுக்கு வலிக்கிறது.