சொந்தக்காரர் வீட்டுக்கு: கான்னமாராவா, ராத் கார்னா?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் வசிக்கும் பல குடும்பங்களுக்கு ஐரிஷ் மொழி பேசும் ஊர்களில் உறவுகள் உண்டு. சிலருக்கு மேற்கே கான்னமாராவிலும், பக்கத்திலேயே மீத் மாவட்டத்தின் ராத் கார்னிலும் சொந்தம் இருக்கும். பிள்ளைகளை முதலில் எங்கே கூட்டிப்போவது?

தூரத்தைப் பார்த்தால் ராத் கார்ன்தான். காரில் ஒரு மணி நேரச் சொச்சம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். கான்னமாராவில் உள்ள கேரரோ ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு நாளாவது தங்காவிட்டால் அலுப்புத்தான் மிஞ்சும்.

ஆனால் இரண்டும் ஒரே மண்ணின் கதை. 1935இல் கான்னமாராவின் கல்லாங்காட்டிலிருந்து வந்த 27 குடும்பங்களுக்கு மீத்தின் ராத் கார்னில் செழிப்பான நிலத்தை அரசு கொடுத்தது. மொழியையும் கூடவே கொண்டுபோனார்கள். சுற்றிலும் ஆங்கிலம் பேசும் ஊர்கள். அதற்கு நடுவே பேச்சு வழக்கைக் காத்து, போராடி, 1967இல்தான் ஐரிஷ் மொழிப் பகுதி என்ற அங்கீகாரம் பெற்றார்கள். இதை அங்குள்ள பெரியவர்கள் வாயால் பிள்ளைகள் கேட்கவேண்டும். எனக்கு மிகவும் நெருக்கமான கதை இது.

கேரரோவில் மொழி வீட்டுக்கு வெளியேயும் கேட்கும். கடையில், தேவாலயத்தில், பக்கத்து ஊரான காஸ்லாவிலிருந்து ஒலிபரப்பாகும் ஐரிஷ் வானொலியில். கடல், கல் வேலி, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரி மண் எரியும் அடுப்பு எல்லாம் உண்டு.

ஒரு வாரம் விடுப்பு இருந்தால் நான் கேரரோ என்பேன். ஞாயிறு மட்டும்தான் என்றால் ராத் கார்ன். எங்கே போனாலும் 'ஜியா க்விட்' என்ற வணக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள்.