மிரர் போர்ட்டா, டேப்பா?

நெட்வொர்க் லிங்க்கில் ஓடும் பாக்கெட்டுகளின் நகலைப் பிடிக்க இரண்டு வழி: போர்ட்டில் ஓடுவதை சுவிட்சே இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்துத் தரும் மிரர் போர்ட், அல்லது டேப் என்ற தனிக் கருவி. பாக்கெட்டைப் பிடித்து ஃபைலில் வைக்கும் மென்பொருளான டிசிபிடம்ப்பை நிறுத்தினால் கடைசி வரியில், கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) தவறவிட்ட பாக்கெட் எத்தனை என்று வரும். அங்கே 0 இருந்தால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஃபைலை, பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தால், ஒரு பக்கம் 'டேட்டா வந்தது' என்று ஏசிகே அனுப்பியிருக்கிறது, அந்த டேட்டாவையே காணோம்! இரண்டு நாள் பஃபரை (எழுதும்வரை பாக்கெட் தங்கும் மெமரியை) கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். பாக்கெட் விழுந்தது என் மெஷினில் இல்லை, சுவிட்சில்.

மிரர் போர்ட்டின் சிக்கல் வெறும் கூட்டல் கணக்கு. 1 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு 1 கிகாபிட்) லிங்க்கில் போக 1, வர 1, ஆக 2 வரை ஓடலாம். நகல் வெளியே வரும் போர்ட்டோ 1 ஜிபிபிஎஸ்தான். மிஞ்சியதை சுவிட்ச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். சிஆர்சி பிழையுள்ள, அதாவது வழியில் சிதைந்த, ஃபிரேம்கள் பெரும்பாலும் நகலில் வரவே வராது; கேபிள் கோளாறைத் தேடுபவருக்கு வேண்டியதே அவைதான். ஆனாலும் செலவில்லை, லிங்க்கை அறுக்க வேண்டாம், இரண்டு கட்டளையில் வேலை முடியும். பாதிகூட நிரம்பாத லிங்க்குக்கு இதுவே போதும்.

டேப் லிங்க்கின் நடுவிலேயே உட்காரும். ஃபைபர் டேப் ஒளியைப் பிரிப்பதோடு சரி, கரண்டுகூட வேண்டாம். 50/50 பிரிப்பில் சுமார் 3 டெசிபெல் இழப்பு உண்டு. நீளமான லிங்க் என்றால் அதை முதலில் கணக்குப் பாருங்கள். இரண்டு திசையும் தனித்தனியாக வருவதால் பிடிக்கும் மெஷினில் இரண்டு போர்ட் வேண்டும். மாட்டும்போது லிங்க் ஒருமுறை அறுபடும், அதற்கு ராத்திரியில்தான் அனுமதி கிடைக்கும். இரண்டு திசையையும் ஒரே போர்ட்டில் சேர்த்துத் தரும் டேப்பும் விற்கிறார்கள். அதை வாங்கினால் மறுபடி அதே கூட்டல் கணக்குதான்.

அப்புறம் மென்பொருள். வயர்ஷார்க்கும் உள்ளே, பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும் டம்ப்கேப்பைத்தான் ஓட்டுகிறது. திரையில் பிரித்துக் காட்டும் வேலைதான் மெமரியைத் தின்கிறது. நீண்ட நேரம் பிடிக்க டம்ப்கேப்பை நேரடியாகவே ஓட்டலாம். லினக்ஸில் டிசிபிடம்ப்பின் பஃபர், நாம் மாற்றாவிட்டால், 2 எம்பி. நிரம்பி ஓடும் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு அது 16 மில்லிசெகண்டு தாங்கும். டிஸ்க் ஒரு கணம் தயங்கினாலும் போச்சு.

10 ஜிபிபிஎஸ்ஸில் 64 பைட் ஃபிரேம்கள் செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம். அங்கே டிசிபிடம்ப்பை நம்ப மாட்டேன்; கெர்னலைத் தாண்டிப் போகும் பிஎஃப்-ரிங் இசட்சி, டிபிடிகே பக்கம்தான் போவேன்.

டேப் வாங்கப் பணம் வரும்வரை, மிரரில் ஒரு திசையை மட்டும் நகலெடுங்கள். பாதிக் கதைதான் தெரியும், ஆனால் அந்தப் பாதியில் ஓட்டை விழ வாய்ப்பு குறைவு.