மரபணு சுவிட்சுகளைப் பார்க்க யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்: எதை நம்பலாம், எங்கே ஏமாறுவோம்

பாம்புக்குக் கால் போன கதையில் புரதத்தை மட்டும் ஆராய்ந்தால் விடை வராது. காலை வளர்க்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம்தான் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வேண்டும். அது கெட்டால் கருவே பிழைக்காது. கெடக்கூடியது, அந்தப் புரதத்தின் மரபணுவைக் காலில் மட்டும் இயக்கும் இசட்ஆர்எஸ் என்ற என்ஹான்சர், அதாவது டிஎன்ஏவில் உள்ள ஒரு சுவிட்ச். மலைப்பாம்பின் இசட்ஆர்எஸ்ஸில் 17 டிஎன்ஏ எழுத்துகள் இல்லை. 2016இல் அதை எலிக்குள் வைத்தபோது கால்கள் குட்டையாக நின்றன. அந்த 17ஐயும் சேர்த்து வைத்ததும் முழுசாக வளர்ந்தன.

இப்படிப்பட்ட பகுதிகளை நாமே பார்க்க, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் நடத்தும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் என்ற இலவசத் தளத்தைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஜீனோம் என்பது ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏ வரிசை. கணக்குத் திறக்கத் தேவையில்லை.

மனித ஜீனோமில் எச்ஜி38 பதிப்பைத் தேர்ந்து, எல்எம்பிஆர்1 மரபணுவைத் தேடுங்கள். அதன் ஐந்தாவது இன்ட்ரானுக்குள்தான் (மரபணுவுக்குள்ளேயே புரதத்தைக் குறிக்காத துண்டு) இசட்ஆர்எஸ் இருக்கிறது. அது இயக்கும் மரபணுவோ சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி! பல உயிரினங்களின் வரிசைகளை ஒப்பிட்டுக் காட்டும் கன்சர்வேஷன் டிராக்கை (டிராக் என்பது திரையில் ஒருவகைத் தரவைக் காட்டும் பட்டை) திறந்தால், புரதம் எதையும் குறிக்காத இடத்தில் உயரமான மேடு தெரியும். கோழி முதல் மீன் வரை மாறாமல் காக்கப்பட்ட வரிசை அது. விஸ்டா டிராக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என்ஹான்சராக இயங்குகிறதா என்று எலிக்கருவில் சோதித்துப் பார்த்த துண்டுகள் அதில் உள்ளன. கணிப்பை மட்டும் காட்டும் டிராக்குகளைவிட இதற்கே என் மதிப்பு அதிகம்.

பலரும் தவறுவது கன்சர்வேஷன் டிராக்கின் இடைவெளிகளைப் படிப்பதில். ஓர் உயிரினத்தின் வரிசையில் ஒற்றைக் கோடு என்றால் அங்கே எழுத்துகள் இல்லை; இரட்டைக் கோடு என்றால் இருக்கின்றன, ஆனால் பொருத்த முடியவில்லை. வெளிர் மஞ்சள் என்றால் அந்த ஜீனோமே அங்கு முழுமையாகப் படிக்கப்படவில்லை. அதைப் பரிணாம இழப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு டிஎன்ஏ வரிசை ஜீனோமில் எங்கே இருக்கிறது என்று தேடும் பிளாட் கருவியிலும் கவனம் தேவை. 95 சதவீதத்துக்கு மேல் ஒத்த டிஎன்ஏவுக்காக அமைத்தது அது. பாம்பின் வரிசையை மனித ஜீனோமில் தேடி ஒன்றும் வராவிட்டால் அது எதையும் நிரூபிக்காது. எந்தச் சுவிட்ச் எங்கே இயங்குகிறது என்று காட்டும் என்கோட் திட்டத்தின் தரவிலும் பெரும்பகுதி வளர்ப்பு செல்களிலிருந்து எடுத்தது. கருவின் கால்மொட்டில் (கால் முளைக்கும் இடம்) சில நாள் மட்டும் இயங்கும் சுவிட்ச் அதில் தென்படாமல் போகலாம்.

பழைய கட்டுரையில் உள்ள எச்ஜி19 (முந்தைய பதிப்பு) இட எண்களை எச்ஜி38இல் அப்படியே இட்டால் வேறிடத்தில் போய் நிற்பீர்கள். முதலில் தளத்திலேயே உள்ள லிஃப்ட்ஓவர் கருவியில் மாற்றுங்கள். தளம் மெதுவாக இருந்தால் ஜப்பானில் உள்ள ஆசிய மிரருக்கு (தளத்தின் நகல்) போகலாம். கைபேசித் திரையில் டிராக்குகள் நெருக்கியடிக்கும், கணினியிலேயே பாருங்கள்.